துளையின் அகலமும் ஆட்களின் இருப்பும்

லின்னேயஸ் டிரைப் 1858இல் வெளியிட்ட திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் படத்தொகுதிகளில் ஊர் இருக்கிறது, ஆட்கள் ஏறக்குறைய இல்லை. மலைக்கோட்டைப் பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் விழுந்திருக்கிறது. கோபுரத்தின் சுதை தெரிகிறது, மண்டபத் தூண்களின் நிழல் தெரிகிறது. பூக்காரி எங்கே, பல்லக்குத் தூக்கி எங்கே, கோவில் வாசலில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் பண்டாரம் எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. திருச்சிராப்பள்ளி மாதிரி ஓர் ஊரை ஆளில்லாமல் பார்க்க முடியும் என்று அந்த ஊர்க்காரன் யாரும் நம்பமாட்டான். ஆனால் படம் அப்படித்தான் சொல்கிறது, படத்தை நம்பித்தான் வரலாறும் எழுதப்படுகிறது.

டிரைப் கம்பெனிப் படையின் அதிகாரி. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857 டிசம்பரில் கிளம்பி அடுத்த நாலைந்து மாதங்களில் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே சிப்பாய்க் கலகத்தின் புகை அடங்காத மாதங்கள் அவை. மெழுகு பூசிய காகிதத்தைத்தான் நெகட்டிவாகப் பயன்படுத்தினார். ஓர் அடிக்கு மேல் நீளமுள்ள காகிதம். இந்த வெயிலில் ஈரப்பூச்சுக் கண்ணாடித் தகடுகளோடு போராடுவதைவிடக் காகிதம் தோதானது: முன்கூட்டியே தயார் செய்யலாம், மாட்டு வண்டியில் ஏற்றலாம், உடையாது. ஆனால் அதற்கு ஒளி பற்றாது. உள்ளே வரும் வெளிச்சத்தை அது நிமிடக் கணக்கில் குடித்தாக வேண்டும். அந்த நிமிடங்களுக்குள் ஒருத்தர் கோபுரவாசலைக் கடந்து போனால் காகிதத்துக்கு அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நின்றவர்தான் படத்தில் நிற்பார். கல் நிற்கும், மரம் காற்றில்லாவிட்டால் நிற்கும். நிற்கச் சொல்லி உத்தரவு போட்டால் சேவகன் நிற்பான். சொந்த வேலையாகப் போய்க்கொண்டிருப்பவர் எவரும் அதில் சேர்த்தியில்லை.

இதைத் தொழில்நுட்பத்தின் போதாமை என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். அது பாதி உண்மை. பிரகாசமான லென்ஸ் என்பது டிரைப் திருச்சிக்கு வருவதற்குப் பதினெட்டு வருஷம் முந்தியே வந்துவிட்டது. வியன்னாவில் 1840இல் யோசெஃப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் வடிவமைத்து, ஃபாய்க்லேண்டர் தயாரித்த லென்ஸின் துளை எஃப் 3.6. அதுவரை டாகேர் முறைப் படங்களுக்குப் பயன்பட்ட லென்ஸோடு ஒப்பிட்டால் ஒளி பதினைந்து, இருபது மடங்கு கூடுதல். நிமிடங்கள் வினாடிகளாகிவிட்டன. அந்தக் கணக்குகளைப் போட்டுக்கொடுக்க ஆஸ்திரியப் பீரங்கிப் படையின் கணக்குத் தெரிந்த ஆட்களை அரச குடும்பத்தார் இரவல் கொடுத்தார்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்ட கைகள்தாம் கதிர் எங்கே விழும் என்றும் போட்டிருக்கின்றன. (லென்ஸுக்கும் பீரங்கிக்கும் உள்ள உறவு பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது வேண்டாம்.)

பிறகு ஏன் அந்த லென்ஸ் ஸ்ரீரங்கத்துத் தெருவுக்கு வரவில்லை? பெட்ஸ்வால் லென்ஸ் நடுவில்தான் கூர்மையாக இருக்கும், ஓரங்களில் சுழன்று கலங்கிவிடும். ஆகவே அது முகத்துக்கு என்று ஒதுங்கிக்கொண்டது. ஸ்டூடியோவுக்கு வந்து காசு கொடுத்து உட்காரக்கூடியவர்களின் முகத்துக்கு. கட்டடம், நிலம், கோட்டை எல்லாவற்றுக்கும் துளையைச் சுருக்கிய மெதுவான லென்ஸ் போதும், அதுதான் நல்லது என்றும் ஆயிற்று. ஓரம்வரை கல்லின் விவரம் வேண்டுமே. இப்படி ஒரு வேலைப் பிரிவினை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடிக்குள்ளேயே நடந்துவிட்டது. வேகமான துளை, கனவான்களின் முகத்துக்கு. மெதுவான துளை, ஆளப்படும் நிலத்துக்கு. திருச்சியின் சாதாரண ஜனம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போயிற்று. லென்ஸைச் செய்தவன் இதைத் திட்டமிட்டான் என்று நான் சொல்லவில்லை. திட்டமிடாமலே நடந்ததுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய புகைப்பட வரலாறு பற்றிய கட்டுரையை இங்கே பலரும் படித்திருக்கிறோம். பழைய படங்களின் நீண்ட ஒளியேற்ற நேரம், உட்கார்ந்திருந்தவரை அந்தக் கணத்துக்குள்ளேயே வாழவைத்தது, அதனால்தான் அந்த முகங்களில் ஓர் ஆழம் இருக்கிறது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. ஸ்காட்லாந்து மீனவப் பெண்களுக்கு அது பொருந்தும். ஹில்லும் ஆடம்சனும் அவர்களை நிறுத்தி, பேசி, எடுத்தார்கள். திருச்சிக்கு வந்தால் இந்த வாதம் தலைகீழாகிறது. அதே நீண்ட நேரம் இங்கே ஆளை ஆழப்படுத்தவில்லை, துடைத்துவிட்டது. பாரிஸின் ஆளில்லாத தெருக்களை எடுத்த அட்ஜெயைப் பற்றியும் பெஞ்சமின் பேசுகிறார், அவை குற்றம் நடந்த இடங்களைப்போல் இருக்கின்றன என்று. அட்ஜெ தன் ஊரைத் தானே எடுத்தவர். டிரைப்பின் காலியான பிரகாரம் வேறு வகை. அது ஒரு சொத்துப் பட்டியல். ஆட்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் சொத்து சுத்தமாகத் தெரியும்.

அந்தக் காகிதம் நீலத்துக்கு மட்டுமே கூருணர்வு கொண்டது. எனவே வானம் வெளிறிப்போகும். டிரைப் பல நெகட்டிவ்களில் கையால் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். இல்லாத மேகத்தைச் சேர்க்கத் தோன்றிய கைக்கு இருந்த ஆட்களைச் சேர்க்கத் தோன்றவில்லை. இது கொஞ்சம் அநியாயமான கேள்விதான், அவருடைய உழைப்பு அசாத்தியமானது. தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டிப் பத்தொன்பது அடி நீளத்துக்குச் செய்த மனிதரை லேசில் ஒதுக்கிவிட முடியாது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், இதெல்லாம் அரசின் நிதிநிலைக்கு ஆகாத ஆடம்பரம் என்று முடிவு கட்டினார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த அதே டிரெவெலியன்தான்.

பிறகு ஆட்கள் படத்துக்குள் வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை: 1868இலிருந்து 1875வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்', 1909இல் எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள். ஆளாக வரவில்லை, சாதியின் மாதிரியாக வந்தார்கள். இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் போதுமான அளவுக்கு எழுதியாகிவிட்டது.

கவனிக்காமல் விடப்பட்டது, இருட்டின் வரலாறு. சாதாரண ஜனங்களின் வாழ்க்கையில் பாதி நடப்பது குறைந்த வெளிச்சத்தில்: அடுப்படியில், தாழ்வாரத்தில், பொழுது சாய்ந்த தெருவில், கோவில் உள்பிரகாரத்தில். அந்தப் பாதியைப் படம் எடுக்கும் திறன் 1924வாக்கில்தான் கைக்கு அடக்கமாக வந்தது. டிரெஸ்டனில் எர்னமான் தொழிற்சாலைக்காக லூட்விக் பெர்டெலே என்ற இளைஞர் செய்த எர்னோஸ்டார், எஃப் 2; சீக்கிரமே எஃப் 1.8. அதை எர்மனாக்ஸ் என்ற சின்ன கேமராவில் பொருத்தி, எரிக் சாலமன் நீதிமன்றங்களுக்குள்ளும் ராஜதந்திரிகளின் கூட்டங்களுக்குள்ளும் நுழைந்தார். ஃப்ளாஷ் இல்லை, நிற்கச் சொல்லவில்லை. கொட்டாவி விடும் மந்திரிகள் முதன்முதலாக வரலாற்றுக்குள் வந்தார்கள். அதிகாரத்தை அதன் அறைவெளிச்சத்திலேயே பிடித்த மனிதரை அதிகாரம் 1944இல் அவுஷ்விட்ஸில் கொன்றது.

1925இல் லைக்கா வருகிறது. ஆஸ்கர் பார்னாக் சினிமா ஃபிலிமைப் படுக்கவைத்து 24க்கு 36 மில்லிமீட்டர் சட்டம் வகுத்தார். மூலைக்கு மூலை 43 மில்லிமீட்டர். அதற்கு இணையாக ஒரு லென்ஸ் வேண்டும் என்றபோது 50 வாய்த்தது. இந்த ஐம்பது பிறகு ஒரு நூற்றாண்டுக்கு 'இயல்பான பார்வை' என்ற பட்டத்தோடு உலவியது. மனிதக் கண் பார்ப்பதுபோலவே பார்க்குமாம். எந்த மனிதக் கண், எவ்வளவு தள்ளி நின்றுகொண்டு என்று யாரும் கேட்கவில்லை.

நம்மூருக்கு வருவோம். அறுபது எழுபதுகளில் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் புழங்கிய ஆக்ஃபா கிளிக் III மாதிரியான பெட்டிக் கேமராவின் லென்ஸுக்கு வெயில் வேண்டும். "வெளிய வாங்க, வெயில்ல நில்லுங்க" என்பதுதான் அதன் இலக்கணம். அந்தக் காலத்து ஆல்பங்களைப் புரட்டினால் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். வீட்டுக்குள் நடந்தது எதுவும் இருக்காது. பாட்டி அடுப்புக்கு முன்னால் கழித்த ஐம்பது வருஷத்துக்கு ஒரு சாட்சியும் கிடையாது, ஏதோ ஒரு தீபாவளிக்கு வாசலில் நிறுத்தப்பட்ட அரை நிமிஷம் மட்டும் உண்டு. உள்ளே எடுத்தாக வேண்டுமென்றால் ஃப்ளாஷ். நேராக முகத்தில் அடிக்கும் ஃப்ளாஷ் கறுத்த தோலின் மேடுபள்ளங்களைத் தட்டையாக்கி, நெற்றியில் எண்ணெய் மினுக்கத்தை மட்டும் மிச்சம் வைத்து, பின்சுவரில் கறுப்பு நிழலை ஒட்டவைக்கும். இந்தியாவின் ஃபிலிம் ஊட்டியில், இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில், 'இந்து' என்ற பெயரில் தயாரானது. அந்தத் தொழிற்சாலையும் இப்போது இல்லை. தமிழ் சினிமாவில் இருட்டை இருட்டாகவே விட்டு முகத்தைக் காட்டலாம் என்பதைப் பரவலான ரசனையாக்கியது பி.சி. ஸ்ரீராம், 'மௌன ராகம்' (1986), 'நாயகன்' (1987) வழியாக. அதுவரை நம் திரையில் ஏழை வீட்டின் நடுராத்திரிகூடப் பட்டப்பகல்போல எரிந்துகொண்டிருந்தது.

இந்த நீண்ட வரிசையின் கடைசியில்தான், திருச்சியில் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் ஒன்றை வைத்துக்கொண்டு எந்த பிரைம் லென்ஸ் வாங்கலாம் என்று யோசிக்கும் இளைஞர் நிற்கிறார். நான் இருக்கும் புத்தூரில் அப்படிப் பலர் உண்டு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுக்குப் போகும் பையன்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸ், 18-55. ஐம்பதுக்கு மேல் இழுத்தால் அதன் துளை எஃப் 5.6. ஜூம் இல்லாத ஐம்பதின் துளை எஃப் 1.8. எஃப் எண் என்பது ஒரு விகிதம், குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது. எனவே ஒளி அந்த எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். கணக்குப் போட்டால் ஒன்பது மடங்குக்குமேல் வித்தியாசம். டியூப்லைட் எரியும் அறையில் கிட் லென்ஸ் வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டிய இடத்தில், இதற்கு நூற்றைம்பதில் ஒரு பங்கு போதும். முதலாவதில் குழந்தை புகையாகிவிடும், டிரைப்பின் தெருவில் நடந்தவனைப்போல. இரண்டாவதில் குழந்தை குழந்தையாகவே இருக்கும். டிரைப்பையும் இந்தப் பையனையும் ஒரே கோட்டில் வைப்பது மிகையில்லை. அசைகிறவர்கள் பதிவாவார்களா என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி.

வாங்கப் போனால் அங்கேயும் வர்க்கம் காத்துக்கொண்டிருக்கிறது. நிக்கான் 2006இல் டி40 என்ற மலிவான கேமராவைக் கொண்டுவந்தபோது உடலுக்குள் இருந்த ஃபோகஸ் மோட்டாரை எடுத்துவிட்டது. அடுத்து வந்த 3000, 5000 வரிசைகளிலும் அதே கதை. அந்த நிறுவனத்தின் மலிவான ஐம்பதான 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸுக்கோ சொந்த மோட்டார் கிடையாது. ஆக, கையில் காசில்லாதவன் வாங்கும் கேமராவில் கையில் காசில்லாதவன் வாங்கும் லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது. விலை கூடிய உடலில் மட்டும் ஆகும். மோட்டாரோடு கூடிய 35 எம்எம் எஃப் 1.8ஜி 2009இலும், 50 எம்எம் எஃப் 1.8ஜி 2011இலும்தான் வந்தன. இன்றும் பழைய சாமான் விற்கும் இடங்களில் அந்த 'டி' எழுத்தைப் பார்க்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. கேனனில் இந்தச் சிக்கல் இல்லை, மோட்டார் எப்போதும் லென்ஸுக்குள்ளேயே. 1990இல் வந்த பிளாஸ்டிக் ஐம்பது, 130 கிராம் எடை, உலகமெங்கும் ஏழைப் போட்டோக்காரர்களின் லென்ஸானது. 2015இல் உலோக மவுண்ட்டும் சத்தம் குறைந்த மோட்டாருமாக அதன் அடுத்த பதிப்பு வந்தது. இரண்டில் ஒன்றென்றால் பிந்தையது. இந்த ஐம்பதுகளின் உள்ளே இருப்பது 1896இல் ஜைஸின் பால் ருடால்ஃப் செய்த பிளானாரின் வம்சம். கண்ணாடிப் பரப்புகள் அதிகம் என்பதால் ஒளி உள்ளேயே எதிரொலித்துப் படம் வெளிறும் என்று அது வெகுகாலம் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. 1935இல் அதே ஜைஸில் கண்ணாடிக்கு மேற்பூச்சு கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அதற்கு விமோசனம்.

ஆனால் ஐம்பதா, முப்பத்தைந்தா? ஐம்பதுதான் இயல்பான பார்வை என்ற சொல்லாடல் ஆரம்பநிலைக் கேமராவில் பொய்த்துப்போகிறது. இவற்றின் சென்சார் பார்னாக்கின் சட்டத்தைவிடச் சின்னது. அகலம் 22, 23 மில்லிமீட்டர்தான். ஐம்பது இதில் எண்பதுபோல் நடந்துகொள்ளும். ஐந்தரை அடி ஆள் ஒருவரைத் தலை முதல் கால்வரை, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்க, ஐம்பதுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். முப்பத்தைந்துக்கு எட்டு, ஒன்பது அடி. படுக்கைவாட்டில் பிடித்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். நம் லைன் வீடுகளில் ஒன்பது அடியே பெரிய தூரம். பதின்மூன்று அடி போனால் வாசலைத் தாண்டி எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டியதுதான். ஹால் என்று தனியாக ஒன்று இருக்கிற வீட்டை மனதில் வைத்துத்தான் ஐம்பது 'இயல்பு' ஆகிறது. அந்த இயல்புக்குள் இடம் பற்றாதவர்கள் வீட்டைவிட்டு வெளியே நிறுத்தப்படுகிறார்கள், மறுபடியும் வெயிலில்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்வது. வெளிச்சத்துக்காக அகன்ற துளை இன்று வெளிச்சத்துக்காக வாங்கப்படுவதில்லை. "பேக்ரவுண்டு நல்லா பிளர் ஆகும்" என்பதற்காக வாங்கப்படுகிறது. ஐம்பதை எஃப் 1.8இல் திறந்து ஒரு மீட்டர் தூரத்து முகத்தை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ ஓர் அங்குலம். கண் இருக்கும், காது கரைந்துவிடும். இரண்டு மீட்டர் என்றால் நாலு அங்குலம். மணமகள் இருப்பாள். அவளுக்குப் பின்னால் பந்தியில் இலை எடுப்பவர், நாதஸ்வரக்காரர், அழும் அத்தை எல்லோரும் வண்ணக் குமிழ்கள். டிரைப்பின் சின்னத் துளை அசைந்தவர்களைத் துடைத்தது. இந்தப் பெரிய துளை பின்னால் நிற்பவர்களைத் துடைக்கிறது. முன்னது கல்லைக் காப்பாற்றி ஆளை விட்டது. பின்னது ஓர் ஆளைக் காப்பாற்றி ஊரை விடுகிறது. நூற்றறுபது வருஷத்துத் தொழில்நுட்ப முன்னேற்றம், ஆட்களை இல்லாமலாக்குவதற்கு இரண்டு எதிரெதிர் வழிகளைத் தந்திருக்கிறது என்று சொன்னால் போட்டோக்கார நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். பிளர் அழகுதான், மறுக்கவில்லை. யார் பிளர் ஆகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கூலிக்கு வந்தவர்களே பிளர் ஆகிறார்கள்.

புத்தூரிலேயே இதற்கு வலுவான உதாரணம் உண்டு. உய்யக்கொண்டான் வாய்க்கால் கரைக் குழுமாயி அம்மனுக்கு மாசியில் நடக்கும் குட்டி குடித்தல். மருளாளியை ஜனங்கள் தோளில் தூக்கிவர, நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தை அவர் குடிக்கிறார். இந்தத் திருவிழாவின் படம் வருஷாவருஷம் பத்திரிகைகளில் வருகிறது. எப்படிப்பட்ட படம்? தூரத்திலிருந்து நீள லென்ஸால் பிடித்த ஒரே ஒரு முகம், வாயில் ரத்தம், பின்னால் ஒன்றுமில்லை. அந்தக் குட்டியை நேர்ந்து வளர்த்த குடும்பம் எங்கே? தோள் கொடுத்தவர்கள் எங்கே? பிள்ளைக்கு உடம்பு தேறியது என்று வேண்டுதலோடு வந்து நிற்பவள் எங்கே? எல்லாம் குமிழ். தனியாகப் பிய்த்தெடுத்த அந்த முகம் உடனே 'விநோதம்' ஆகிவிடுகிறது, 'காட்டுமிராண்டித்தனம்' ஆகிவிடுகிறது. தர்ஸ்டனின் தட்டில் வைத்த மாதிரிகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வண்ணம் மட்டும்தான். பலி பற்றி நமக்குப் பல கருத்துகள் இருக்கலாம். அதை விவாதிக்கக்கூட, அது ஓர் ஊரின் காரியம், ஓர் ஆளின் வெறியல்ல என்பது படத்தில் தெரிய வேண்டும். சட்டத்துக்குள் கூட்டம் இருந்தால் கேள்வியை ஊரைப் பார்த்துக் கேட்கலாம். முகம் மட்டும் இருந்தால் கேட்பதற்கு ஆளில்லை, முகம் சுளிப்பதோடு சரி.

அகன்ற துளையை வாங்கு, ஆனால் முழுக்கத் திறக்காதே என்று சொல்வது முரண்போல் படலாம். அப்படித்தான் சொல்கிறேன். எஃப் 1.8 என்பது இருட்டுக்கான சேமிப்பு. மருத்துவமனை வராந்தாவில், கரண்ட் போன வீட்டில், வேறு வழியில்லாதபோது எடுக்க வேண்டியது. வெளிச்சம் கொஞ்சம் இருந்தாலும் 2.8, 4 என்று மூடிக்கொண்டு, ஐஎஸ்ஓவை ஏற்றி, புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை என்று பின்னால் இருப்பவர்களை உள்ளே விட வேண்டும். இந்த லென்ஸ்கள் முழுத் திறப்பைவிட ஒன்றிரண்டு படி மூடியபோதுதான் கூர்மையாகவும் இருக்கும் என்பது உபரி லாபம். கறுத்த முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே சட்டத்தில் வந்தால் மீட்டர் வேட்டியைக் காப்பாற்றத்தான் பார்க்கும். அதன் கணக்கு நடுச்சாம்பல் நிறத்துக்கானது. முகத்தில் அளந்து எடுக்க வேண்டும், வேட்டி வெளுத்தால் வெளுக்கட்டும்.

கேனனும் நிக்கானும் கடைசியாகப் புது டிஎஸ்எல்ஆர் உடல்களைக் கொண்டுவந்தது 2020இல். பிறகு கண்ணாடியில்லாத கேமராக்களுக்குத் தாவிவிட்டார்கள். அதனால் இந்த லென்ஸ்கள் இப்போது கைமாறி வருவது அதிகம். காவிரிக்கரை ஈரத்தில் நமக்குள்ள முதல் எதிரி பூஞ்சை. வாங்குமுன் துளையை முழுசாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்திவலைபோல் கோடு தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடலாம், மற்ற லென்ஸ்களுக்கும் தொற்றும் என்பார்கள். தூசி நாலைந்து இருந்தால் பாதகமில்லை. வாங்கிய பிறகு மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும். நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு 35 எம்எம் எஃப் 1.8ஜி, யோசிக்க ஒன்றுமில்லை. கேனன்காரர்களுக்கு அந்த விலையில் முப்பத்தைந்து கிடைக்காது, ஐம்பதோடு சமாளிக்க வேண்டும். இல்லாவிட்டால் துளை எஃப் 2.8 ஆனாலும் பரவாயில்லை என்று அவர்களுடைய 24 எம்எம்மைத் தேட வேண்டும். அந்த 24ஐ மாட்டிக்கொண்டு மாசியில் மந்தைக்குப் போனால் தூரத்து மாடியில் நின்று எடுக்க முடியாது. கூட்டத்துக்குள் இறங்கி, இடிபட்டு, ஆறடிக்குள் போய் நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "யாருப்பா நீ, எந்தத் தெரு?" என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டுத்தான் எடுக்க முடியும்.